கூனன் வளைவின் வலப்பக்கம்

கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், வெள்ளை அட்டையில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. தெர்மாகோல் எனக்கு எப்போதுமே ஆகாது. கல்யாண மேடையில் அன்னப்பறவை வெட்டி ஒட்டுவதற்கும் புது மிக்ஸி பெட்டிக்குள் ஆடாமல் இருப்பதற்கும்தான் அது லாயக்கு, மலையாக நிற்கிற யோக்கியதை அதற்குக் கிடையாது, கத்தி பட்டதுமே குருணை குருணையாக உதிர்ந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும், உதறினால் மீசைக்கு வரும். ஆனாலும் அழுத்திப் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பார்க்கிறேன், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை இதைத் தொடப்போகிறவனுக்குக் கண் தெரியாது. "என்ன டிரைவர் சார், மாம்பழம் வாங்குற மாதிரி அமுக்கிக்கிட்டே இருக்கீங்க," என்று கமாலுதீன் பாய் கல்லாவிலிருந்து சிரித்தார். சிரிக்கட்டும். ஐஸ் கம்பெனிக்கும் மீன் கிடங்குக்கும் மொட்டை மாடிக்கும் சூட்டைத் தடுக்கிற அட்டை விற்கிற மனுஷர் அவர், வருகிறவர்கள் எத்தனை சதுர அடி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், என்னை மாதிரி பொம்மை ரயிலுக்கு மலை செய்ய வருகிற கிழவன் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. பெரியமேட்டில் மத்தியான வெயில் காய்கிறது, சந்து முழுக்கத் தோல் மண்டி வாடை, கடைக்குள் மட்டும் ஒரு குளிர்ச்சி, அத்தனை அட்டையும் சூட்டை வெளியிலேயே நிறுத்திவிட்டதோ என்னவோ, சத்தத்தையும் சேர்த்து நிறுத்திவிட்டது. இடது சுவரில் வெள்ளை சாத்தியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பஃப் என்கிற மஞ்சள். வலது சுவரில் நீலம், அடுக்கடுக்காக, தோள் உயரத்துக்கு. நான் உள்ளே வந்து எவ்வளவோ நேரம் ஆகிறது, இன்னும் இடது சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீலத்தை விற்கத்தான் பாய் துடிக்கிறார். அந்தப் பக்கம் திரும்பக் கழுத்து வரமாட்டேன் என்கிறது.

எனக்கு இடது பக்கம்தான் தெரியும். சர்வீஸ் பூரா ரயில் ஓட்டினவன் இப்படிச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். எங்கள் காலத்து டீசல் எஞ்சினுக்கு ஒரு நீளமான மூக்கு, அந்த மூக்கை முன்னால் விட்டு மாட்டிவிட்டால் டிரைவருக்கு இடது ஓரமாக ஒரு கீற்றுதான் தெரியும், மிச்சமெல்லாம் இரும்பு. வலது பக்கம் முழுக்க அசிஸ்டென்டுக்கு. அவன் அந்தப் பக்க ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்லுவான், நான் திருப்பிச் சொல்லுவேன், பச்சை சார், பச்சை, மஞ்சள் சார், மஞ்சள், அவன் கண்ணில் பட்டது என் வாய்க்கு வந்து கைக்குப் போகும், நடுவில் யோசனை கிடையாது. அப்படித்தான் ஓட்டினோம், எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள். ரிட்டையரான பிறகு மாடி அறையில் பிளைவுட் பலகை போட்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகிற பாதையில் மலை வருகிற துண்டை மட்டும் பொம்மையாகச் செய்ய உட்கார்ந்தேன். ஏரியைச் செய்தேன், கரையில் பனை, தண்டவாளம் பார்க்கிற கேங்மேனின் குடிசை, குடிசை வாசலில் ஒரு வெள்ளாடு, அந்த ஆட்டின் காது ஒன்று மடங்கியிருந்ததுகூட ஞாபகம் வந்தது, மடக்கி வைத்தேன். ஒருநாள் காபி கொண்டுவந்த வசுமதி டம்ளரைக் கொடுக்காமலே நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். "ஏங்க, தண்டவாளத்துக்கு அந்தாண்ட பக்கம் மனுஷங்களே இல்லையா?" குனிந்து பார்த்தேன். வலது பக்கம் வெறும் பலகை. மாசக்கணக்காக அதன் மேல்தான் பசையும் கத்தியும் வைத்து எடுத்திருக்கிறேன், அது ஊர் என்றே தோன்றவில்லை. மறந்துபோயிருந்தால்கூடப் பரவாயில்லை, வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை, என்னிடம் இருந்ததே இல்லை. அன்றைக்கு அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை.

"மஞ்சளைப் பாருங்க சார், கத்தி சோப்புல இறங்குற மாதிரி இறங்கும்," என்றார் பாய். இறங்கும்தான். தொட்டால் நமுத்துப்போன பிஸ்கட் மாதிரி விரலில் தூள் ஒட்டும், அதுதான் வம்பு. இருதயராஜ் விரலில் தூள் ஒட்டினால் என்ன நினைப்பான், மலை உதிர்கிறது என்று நினைப்பானா. இருதயராஜ்தான் என் அசிஸ்டென்ட். அரக்கோணத்துக்காரன், ஒல்லி, கழுத்தில் ஒரு சிலுவை, பொய்யே வராது வாயில். அவன் பச்சை என்றால் பச்சை. அவன் கண்ணை நம்பி எத்தனை ஆயிரம் டன்னை இழுத்திருக்கிறேன், என் கண்ணை நான் அவ்வளவு நம்பியதில்லை. அந்தக் கண்தான் முதலில் போனது. டிரைவராகப் பிரமோஷன் வருகிற நேரத்தில் கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள், டிக்கெட் கவுண்டரில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள், கடைசிவரைக்கும் அவன் இடது சீட்டில் உட்காரவே இல்லை. பிறகு சர்க்கரை வந்து மிச்சப் பார்வையையும் வழித்து எடுத்துக்கொண்டது. போன வாரம் அவன் பெண்சாதி லில்லி புஷ்பம் போன் பண்ணினாள். "அண்ணே, கிட்னியும் சரியில்லன்னுட்டாங்க. எங்கயும் கூட்டிட்டுப் போன்னு கேக்காத மனுஷன், ஒங்க வீட்டுக்கு மட்டும் போவணும்ங்கறாரு. ஞாயித்துக்கெழம பூசை முடிச்சுக் கூட்டியாறேன்." பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது, மெலிந்துபோய், ஆனால் அதே குரல், "சார், எல்லாத்தையும் தொட வேணாம். கூனன் வளைவு மட்டும் போதும். எம் பக்கம்." போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. அவன் கடைசியாகப் பார்க்கப்போகிற இடம் அதுதான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இடத்தில் என் பலகையில் ஒன்றுமே இல்லை.

மற்ற இடங்களை ஊகத்தில் நிரப்பிவிட்டேன், வலது பக்கம் பொட்டல் என்று வைத்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள். கூனன் வளைவை அப்படி நிரப்ப முடியாது. கூனன் என்பது நாங்கள் வைத்த பெயர்தான், மலைக்குள் நுழைகிற இடத்தில் பாதை முதுகை வளைத்து வலது பக்கம் திரும்பும். வலது பக்கம் திரும்புகிற வளைவில் எனக்கு எஞ்சின் மூக்கும் கொஞ்சம் வானமும்தான். திரும்பி வருகிற பாதை அங்கே பிரிந்து மலைக்கு அந்தாண்டை போய்விடும், அதனால் வரும்போதும் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் இருதயராஜின் முதுகைத்தான். அந்த வளைவு வந்ததும் அவன் எழுந்திருப்பான், பச்சைக் கொடியை எடுப்பான், வலது கையை வெளியே நீட்டுவான். ஸ்டேஷனைத் தாண்டும்போதும் கேட்டைத் தாண்டும்போதும் எல்லாரும் செய்கிறதுதான், அங்கே நிற்கிறவன் பச்சை காட்டுவான், நாமும் காட்டுவோம், ஆல் ரைட், எல்லாம் சரியாக இருக்கிறது, போய் வா. ஆனால் அங்கே நீட்டின கையை அவன் சீக்கிரம் உள்ளே எடுக்கமாட்டான். அந்தப் பக்கம் கேட் இருக்கிறது என்று நினைத்து நானும் ஹாரன் அடிப்பேன். கேட்கவில்லை, அவன் பக்கத்தை நான் எதற்குக் கேட்க வேண்டும். பிற்பாடு கரண்ட் எஞ்சின் வந்தது, இரண்டு பக்கமும் தெரிகிற கண்ணாடி வந்தது, அதற்குள் என்னைக் கூடூர் பக்கம் போட்டுவிட்டார்கள்.

அதனால் போன மாசம் பாசஞ்சர் ரயிலில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன், வலது பக்க ஜன்னல். பக்கத்தில் ஒரு பெண் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள், சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. வளைவு வந்தது. வெளிச்சம் சட்டென்று போய் ஜன்னல் முழுக்கப் பாறை. கேட் இல்லை, குடிசை இல்லை, ஒரு ஆள் ஒண்டி நிற்கக்கூட இடமில்லை, வெட்டின பாறை ஈரமாக, கறுப்பாக, மூச்சு விட்டால் அதன் மேல் படுகிற நெருக்கத்தில் போய்க்கொண்டே இருந்தது. கம்பிக்கு வெளியே இரண்டு விரலை நீட்டினேன், உடனே இழுத்துக்கொண்டேன், அந்த ஈரக் குளிர் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள், எனக்குக் காதில் விழவில்லை. பாறை அவ்வளவு கிட்டத்தில் இருந்தால் இருதயராஜ் கையை எங்கே நீட்டினான். முழங்கை மடங்காமல், தோளிலிருந்து விரல் வரைக்கும் நேராக, நான் பார்த்திருக்கிறேன், ஒருநாள் இரண்டுநாள் இல்லை. அப்புறம் இன்னொன்று தோன்றியது, அதுதான் இந்த ஒரு மாசமாக என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே யாரும் இல்லையென்றால் அவன் யாரையோ பார்த்திருக்கிறான். இல்லாததை ஓரிடத்தில் பார்த்தவன் இன்னோரிடத்தில் இல்லாத பச்சையையும் பார்த்திருப்பான். அவன் சொன்னான், நான் ஓட்டினேன். வண்டி தினமும் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது, அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஆக இப்படி. பாறை என்றால் தடிமனான அட்டை, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிச் செங்குத்தாகச் சீவ வேண்டும். ஆள் நிற்கிற இடம் என்றால் மெல்லிசு அட்டை, ஒரு திட்டு, அதன் மேல் ஒரு பொம்மை ஆள். பாறை வைத்தால் அவன் விரல் போய் முட்டும், இவ்வளவு வருஷம் நீ காட்டின கொடி கல்லுக்குத்தான் என்று நானே அவனுக்குச் சொன்ன மாதிரி ஆகும், சாகப்போகிறவனிடம் அதைச் சொல்ல நான் யார். திட்டு வைத்தால் பொய். பொய்யையும் அவன் விரல் கண்டுபிடித்துவிடும், கண் போனவனுக்கு விரல்தான் கண். "பாய், எதை எடுக்கிறதுன்னே தெரியல," என்றேன். "எதுக்குன்னு சொல்லுங்க சார், நான் சொல்றேன். வெயிலுக்கா, தண்ணிக்கா, வெயிட்டுக்கா?" என்றார். எதற்கு என்றுதானே எனக்கும் தெரியவில்லை. பாய் என் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்காமல், "இருங்க, டீ சொல்லிட்டு வரேன்," என்று தெருவில் இறங்கிப் போனார். கடையில் நானும் அட்டைகளும்தான். சுவரோரம் சாத்தின சாமான் சாத்தின மாதிரிதான் இருக்கும், அதில் பார்க்க என்ன இருக்கிறது, ஆனாலும் வலது பக்கம் யாரோ பொறுமையாக நிற்கிற மாதிரி இருந்தது. போனை எடுத்தேன்.

லில்லி புஷ்பம்தான் எடுத்தாள், "இப்பத்தான் கஞ்சி குடிச்சாரு, குடுக்கறேன்ணே," என்றாள். மூச்சுச் சத்தம் வந்தது. "இருதயம், கூனன் வளைவில உன் பக்கம் என்ன இருந்துச்சு?" என்று நேராகவே கேட்டேன், சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும். "பாறை சார்," என்றான். யோசிக்கவே இல்லை, சிக்னல் சொல்கிற மாதிரி சொன்னான். "வெறும் பாறையா?" "வெறும் பாறைதான் சார். தண்ணி கசிஞ்சிக்கினே இருக்கும், சித்திரையிலகூட." என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அவன் கண் சரியாகத்தான் இருந்திருக்கிறது, நான் ஓட்டினதெல்லாம் சரிதான், அந்தச் சந்தோஷத்தில் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் வைத்திருக்கலாம். "அப்ப எதுக்குப் பச்சைக் கொடியை நீட்டுவே?" பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது. "நீங்க ஹாரன் அடிப்பீங்களே சார். ஆளு யாரோ இருக்காங்கன்னு நீட்டுவேன்." "நீ கொடியை நீட்டினதைப் பாத்துத்தானே நான் அடிப்பேன்," என்றேன். "இல்ல சார். மொதல்ல ஹாரன். அப்பறந்தான் கொடி." அவன் பொய் சொல்லமாட்டான். நானும் பொய் சொல்லவில்லை. அந்த வளைவின் இடது பக்கத்தைக் கண்ணுக்குள் கொண்டுவந்தேன், ஒரு வேலமரம், ஒரு கிலோமீட்டர் கல், ஹாரன் அடிக்கச் சொல்லுகிற பலகை எதுவும் அங்கே இல்லை, இருந்திருந்தால் அதையும் செய்து நட்டிருப்பேன். அப்படியானால் முதல் தடவை நான் எதற்காக அடித்தேன். முதல் தடவை அவன் எதற்காக நீட்டினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பி, ஒரு ஆளும் இல்லாத பாறைக்கு ஆல் ரைட் சொல்லிக்கொண்டே போயிருக்கிறோம்.

"கையை முழுசா நீட்டுவியே இருதயம்," என்றேன், என் குரல் எனக்கே மெதுவாகக் கேட்டது. "ஆமா சார்." "பாறை அவ்ளோ கிட்ட இருக்கே. உரசாதா?" "ஒரு நாளும் ஒரசல சார்," என்றான். பிறகு, சிறு பிள்ளை ஒரு ரகசியத்தைச் சொல்கிற மாதிரி, லில்லி காதில் விழக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொடிய அந்தாண்ட லேசா இழுக்கும் சார். பறிக்கற மாதிரி இல்ல. பச்சய வாங்கிக்கிட்டேன், நீ போன்னு சொல்றாப்பல. அதுக்கப்பறம் மனசு அமைதியாயிடும். சேலம் வரைக்கும் பயமே இருக்காது. கண்ணு போனதுலேந்து எனக்கு ஒரே பயம் சார். அதான் அந்த எடத்த இன்னொருவாட்டி தொடணும்னு." பச்சை என்றால் பச்சை என்று திருப்பிச் சொல்லிப் பழகினவன் நான். "சரி," என்றேன், "ஞாயித்துக்கிழமை வா." "ஹாரன் அடிப்பீங்களா சார்?" என்று கேட்டான். "அடிக்கிறேன்," என்றேன்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். சந்தில் ஒரு தள்ளுவண்டி போகிற சத்தம் வந்தது, அதுவும் அட்டைகளுக்குள் அமுங்கிப்போயிற்று. நகர்ந்துபோய் நீல அடுக்குக்குப் பக்கத்தில் நின்றேன், பார்த்துத்தான் நின்றேன், அடுக்கு என் வலது தோளிலிருந்து அரைக் கை தூரம், அதற்கு மேல் இல்லை. முகம் மட்டும் இடது சுவரைப் பார்த்து, எஞ்சினில் உட்கார்ந்திருந்த மாதிரியே. கண்ணை மூடினேன். மூடினதும் அந்த ஆட்டம் காலுக்கு வந்துவிட்டது, பாதங்களுக்குக் கீழே இரும்பு அதிர்ந்தது, டீசல் வாடை, பக்கத்தில் இருதயராஜின் வேர்வை வாடை. எவ்வளவு கிறுக்குத்தனம் இது, பாய் வந்து பார்த்தால் இனி இந்தக் கடைக்குள் காலை வைக்க முடியுமா. வாய்க்குள்ளேயே ஹாரன் அடித்தேன், நீளமாக ஒரு தடவை, உதடு அதிர. வலது கையை நீட்டினேன். அட்டை வர வேண்டிய இடத்தில் அட்டை வரவில்லை. கையை அவசரப்படுத்தாமல் இன்னும் நீட்டினேன். முழங்கை நிமிர்ந்தது, தோள் இழுத்தது, விரல்கள் பிரிந்தன, கை முழுசாக நீண்டுவிட்டது, எதிலும் முட்டவில்லை. விரல் நுனியில் குளிர்ந்த காற்று, நனைந்த கல்லின் வாடை. கண்ணைத் திற, கண்ணைத் திற என்று ஒரு குரல், என் குரல்தான். திறக்கப் பயமாக இருந்தது, திறந்தால் இந்தக் கை எங்கே இருக்கும். அப்போது நடுவிரலில், மிகவும் மெதுவாக, ஒரு இழுப்பு. யாரோ கையில் இருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி. என் பயம் அத்தனையும் அதோடு போய்விட்டது, அவன் சொன்னது பொய்யில்லை. "ஆல் ரைட்," என்று சொல்லிவிட்டேன், சத்தமாகவே.

"யாருக்கு சார் ஆல் ரைட்?" கண்ணைத் திறந்தேன். இரண்டு டீ கிளாஸோடு பாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் வலது கை நீல அட்டையின் மேல் பதிந்திருந்தது, முழங்கை மடங்கி, எல்லார் கையும் இருக்கிற மாதிரி. அழுத்திப் பார்த்தேன், கெட்டி, பள்ளமே விழவில்லை. "இதுதான் பாய். இருக்கிறதிலேயே தடிமனா எவ்வளவு இருக்கோ அது," என்றேன். "அப்பவே சொன்னேன்ல சார், நீலத்த எடுங்கன்னு. மலைங்கறீங்க, உள்ள குகை, பொந்து எதனா வேணும்னா இங்கயே வெட்டித் தந்துடறேன், அட்டை வெட்டற கம்பி மிஷின் சூடாத்தான் இருக்கு." யோசித்தேன், ரொம்ப நேரம் இல்லை. வெட்டினால் அது நான் வெட்டின பொந்து, அவன் விரல் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லா செஞ்சிருக்கீங்க சார் என்று மரியாதைக்குச் சொல்லும். அவனுக்கு அது வேண்டாம். ஹாரனை நான் அடிப்பேன், கையை அவன் நீட்டுவான், மிச்சத்தை அந்தாண்டைப் பக்கம் பார்த்துக்கொள்ளும். "வெட்டாதீங்க பாய், அப்படியே முழுசா குடுங்க," என்று சொல்லி டீயை இடது கையால் வாங்கிக்கொண்டேன். வலது கை விரல்களில் ஈரம் இன்னும் காயவில்லை.